சுத்தியலும் ஸ்லோமோஷனும்

கலைஞர் டிவி கொடுத்தார், அம்மா லேப்டாப் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்ட பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக் கலாய்த்தார்கள். தமிழ் மீம் எப்படிப் பிறந்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டிவி தருவதாகச் சொல்லி ஜெயித்தது. அந்த வருஷம் செப்டம்பரிலேயே பெட்டிகள் ஊர் ஊராக வந்து இறங்கின. டிவி வந்தால் மட்டும் போதுமா, அதில் ஓட ஏதாவது வேண்டுமே. காலையிலிருந்து ராத்திரி வரை சினிமா காமெடி மட்டுமே போடுவதற்கென்று ஒரு பக்கம் ஆதித்யா, இன்னொரு பக்கம் சிரிப்பொலி. 2011இல் ஆட்சி மாறியது. அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதே செப்டம்பரில் அரசுப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் வந்தது, மூடியில் அம்மா படத்தோடு. அதாவது ஒரு தலைமுறையே ஒரே காமெடி காட்சிகளை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்தது. பிறகு அதை வெட்டி ஒட்ட ஒரு கருவியும் கைக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் செலவு அரசாங்கத்துடையது. உலகத்தில் வேறெந்த அரசாவது தன்னைக் கேலி செய்ய இவ்வளவு முதலீடு செய்திருக்குமா, தெரியாது.

அந்தக் காட்சிகளில் பாதிக்கு மேல் வடிவேலு. அதே 2011 தேர்தலில்தான் அவர் தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தை வறுத்தெடுத்தார். முடிவு வந்தபோது தே.மு.தி.க. 29 இடம், தி.மு.க. 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், வடிவேலுவுக்குப் பட வாய்ப்பு போனது. 2014இல் ‘தெனாலிராமன்’ வரும்வரை தியேட்டரில் அவரைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. சரியாக அந்த வருஷங்களில்தான் ஃபேஸ்புக்கில் மீம் பக்கங்கள் முளைத்தன. சினிமா வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளை ஒவ்வொரு போனும் நாளுக்கு நாலு தடவை காட்டியது. அரசியல் பேசப் போய் வேலையிழந்த மனுஷனின் முகம்தான் தமிழ்நாட்டு அரசியல் பேச்சுக்கே முகமானது. அதற்காக அவருக்கு ஒரு பைசா வரவில்லை என்பது தனிக்கதை.

ஏன் அவர்? கவுண்டமணி இருந்தார், விவேக் இருந்தார், சந்தானம் உச்சத்தில் இருந்தார். என் கணக்கு இது: கவுண்டமணி அடிப்பவர். விவேக் அறிவுரை சொல்பவர். சந்தானம் கவுன்ட்டர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுபவர். வடிவேலு மட்டும்தான் அடி வாங்குபவர். அதுவும் சும்மா வாங்கமாட்டார். ‘வின்னர்’ கைப்புள்ளையை நினைத்துப் பாருங்கள். சங்கம் வைப்பார், சவால் விடுவார், தரையில் கோடு கிழிப்பார், மிதிபட்டுத் திரும்பி வருவார். வந்த பிறகு அந்த மிதியையே ஒரு வெற்றியாக விளக்குவார். அந்த விளக்கம்தான் காமெடி. இடைத்தேர்தலில் டெபாசிட் போன கட்சிக்காரர் டிவி மைக் முன்னால் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை, கைப்புள்ள படத்தைப் போட்டால் போதும்.

இதில் வலைப்பதிவர்களுக்கும் பங்கு உண்டு, விட்டுவிடக் கூடாது. மீம் என்ற பேச்சே நம் ஊரில் இல்லாத காலத்தில், 2006 வாக்கில், தமிழ்ப் பதிவர்கள் கூட்டாக ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்று கைப்புள்ளையின் சங்கப் பெயரிலேயே ஒரு பதிவு நடத்தினார்கள். ஆபீசில் வேலை அதிகம் என்பதற்கு ‘ஆணி அதிகம்’ என்று எழுதினார்கள். சிவகார்த்திகேயன் படத்துக்கு அந்தச் சங்கத்தின் பெயர் வந்தது அதற்கும் ஏழு வருஷம் கழித்து.

ஆனால் ஜெயலலிதா ஆட்சியில் அரசியல் மீம் கொஞ்சம் பம்மிக்கொண்டுதான் இருந்தது. 2011இலிருந்து 2016 வரை அவதூறு வழக்குகள் மட்டும் இருநூறுக்கு மேல். டாஸ்மாக்குக்கு எதிராகப் பாடிய கோவனை 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கினார்கள். அந்தப் பயத்தில் முதல் ஓட்டை போட்டது சென்னை வெள்ளம். டிசம்பர் 2015. எங்கிருந்தோ யாரோ அனுப்பிய நிவாரணப் பொருளில் எல்லாம் அம்மா ஸ்டிக்கர். அதோடு விடவில்லை. ‘பாகுபலி’யில் ரம்யா கிருஷ்ணன் ஆற்றுக்குள் மூழ்கியபடி குழந்தையைத் தூக்கிப் பிடிப்பாரே, அந்தக் காட்சியில் அம்மா முகத்தை ஒட்டி ஒரு பேனர் வைத்தார்கள். வைத்தவர்கள் பக்தியோடுதான் வைத்தார்கள். ஆனால் ஊருக்கே அது ரெடிமேட் மீம். அன்றைக்கு ஃபேஸ்புக்கில் ஸ்டிக்கர் ஒட்டப்படாத பொருள் இல்லை, நிலாவில்கூட ஒட்டினார்கள். எத்தனை பேர் மேல்தான் வழக்குப் போடுவது?

அதற்கு அடுத்த வருஷம் வந்த ஆறு மாதத்தைப் பற்றி யாராவது தனிப் புத்தகமே எழுத வேண்டும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, டேட்டா இலவசம். 22ஆம் தேதி ஜெயலலிதா அப்போலோவில் சேர்ந்தார். நவம்பர் 8 பணமதிப்பிழப்பு. ஏடிஎம் வரிசையில் நிற்கும் ஊருக்கு போனைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. டிசம்பர் 5 அம்மா மறைவு, ஒரே வாரத்தில் வர்தா புயல். ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டு. பிப்ரவரி 7 ராத்திரி ஓ.பி.எஸ். அம்மா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். அப்புறம் எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் ரிசார்ட். அப்புறம் சசிகலா அதே சமாதியில் ஓங்கி அடித்த மூன்று அடி. செய்தி சேனலைப் பார்த்து ஒரு விஷயம் புரிவதற்குள் அதற்கு வடிவேலு விளக்கம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எங்கள் தெருவில் பேப்பர் படிக்காத பையன்களுக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. அரசியல் அறிவியல் வகுப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் டீக்கடைப் பேச்சு அந்த ஆறு மாதத்தில் போனுக்குக் குடிபெயர்ந்தது என்பது உண்மை.

ஏப்ரலில் தெர்மாகோல். நான் மதுரைக்காரன், வைகை எங்கள் தண்ணீர் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் ஆற அமரச் சொல்ல வேண்டும். வறட்சி; வைகை அணையில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் வெயிலில் ஆவியாகிறது. அதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு தலைமையில் தெர்மாகோல் அட்டைகளைச் செல்லோ டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். கலெக்டர், அதிகாரிகள், கேமராக்கள் எல்லாம் ஆஜர். தண்ணீருக்கு மூடி போட்டால் ஆவியாவது குறையும் என்பதில் தப்பில்லை. மற்ற நாடுகளில் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டுச் செய்திருக்கிறார்கள். ஆனால் தெர்மாகோலுக்குக் கனம் கிடையாது, அணையில் காற்று உண்டு. விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அத்தனையும் கரைக்குத் திரும்பி வந்துவிட்டன. சில அட்டைகள் உடைந்தும் போயின. அமைச்சர் கரையில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முதல் தெர்மாகோல் மீமைப் போட்டது யார் தெரியுமா? எங்கள் மாமா. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை, வட்டக் கழகப் பொறுப்பு வேறு. நான் போன் போட்டேன்.

“என்ன மாமா, நீங்களே போடுறீங்க?”

“எங்காளுதான் மாப்ள. அதுக்காக சிரிக்காம இருக்க முடியுதா?”

எனக்கு அந்தக் காலத்து மீம்களில் பிடித்ததே இதுதான். யார் வேண்டுமானாலும் வடிவேலு இடத்தில் நிற்கலாம், நம் ஆள் உட்பட. செல்லூர் ராஜுவேகூட அதிகாரிகள் சொன்னதைத்தான் செய்தேன் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் கோபம் வராமல் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு அரசியல்வாதிக்கு அது நஷ்டமா லாபமா என்பதை மதுரை மேற்குத் தொகுதிக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

இதன் உச்சம் நேசமணி. 2019 மே 29. சிவில் இன்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மாள் ஒருவர் போய், இதன் பெயர் சுத்தியல், எதை அடித்தாலும் டங் டங் என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை ஜமீன் பங்களாவில் இதனால்தான் உடைந்தது என்று மிகவும் பொறுப்பாகப் பதில் எழுதினார். 2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் ரமேஷ் கண்ணா கைநழுவவிட்ட சுத்தியல் அது. பக்கத்தில் இன்னொருவர் வந்து, அவர் இப்போது எப்படியிருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். ராத்திரிக்குள் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி ஒரு ஹேஷ்டேக், உலக டிரெண்டிங்கில். வட இந்தியர்கள் யார் இந்த நேசமணி, உயிருக்கு ஆபத்து இல்லையே என்று நிஜமாகவே கவலைப்பட்டார்கள்.

மறுநாள் டெல்லியில் மோடி இரண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்றார். ஒரு வாரம் முன்னால்தான் ரிசல்ட் வந்திருந்தது. நாடு முழுக்க ஒரு காற்று. இங்கே தேர்தல் நடந்த 38 தொகுதியில் 37 தி.மு.க. கூட்டணிக்கு. பதவியேற்பை மறைக்கவே திட்டம்போட்டு நேசமணியைக் கிளப்பிவிட்டார்கள் என்று அப்போது சிலர் ஆராய்ந்து எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. எந்தக் கட்சி ஆபீசிலும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாத அபத்தம் அது. ஊரே ஒரு துக்கத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டுக்குட்டி காணாமல் போனதைப் பற்றித் தீவிரமாகப் பேசுவானே, அந்த மாதிரி ஒரு முகத்திருப்பல்.

பழைய கதையைப் பேசுகிறவன் எல்லாவற்றையும் தேனாக்கிவிடுவான் என்பார்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மீம்கள் ஒன்றும் புனிதமானவை அல்ல. தமிழிசை சௌந்தரராஜனின் தலைமுடியையும் உயரத்தையும் வருஷக்கணக்கில் கேலி செய்தோம். அவர் அரசியலில் பேசிய எதைப் பற்றியும் அத்தனை மீம் வந்ததில்லை. சசிகலாவை எதிர்க்க ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் மீம் போட்டவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் ‘வேலைக்காரி’ என்ற சொல். தோற்பவனைப் பார்த்துச் சிரிப்பது என்று ஆரம்பித்தது, பெண் என்றால், கறுப்பு என்றால் சிரிப்பதாக இறங்க அதிக நேரம் எடுக்கவில்லை. வடிவேலு காமெடியிலேயே அது இருந்ததுதான்.

இன்னொன்று. மீம் போடுவதற்குத் தைரியம் தேவைப்படவில்லை. முகம் வடிவேலுவுடையது, காட்சி ஏதோ தயாரிப்பாளருடையது, போட்டவர் பெயர் கிடையாது. சொந்தக் கையால் வரைந்து கீழே கையெழுத்துப் போட்டவன் கதை வேறு. நெல்லை கலெக்டர் ஆபீசில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை 2017 நவம்பரில் கைது செய்தார்கள். அட்டையில் ஒரு ஜோக் போட்டதற்காக 1987இல் விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணையதளம் முடங்கியது. இந்த முறை மோடி கைவிலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன். மீம்காரர்கள் தங்களை விகடன் வாரிசு என்று சொல்லிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு லேசாகக் கூச்சமாக இருக்கும். கேலி ஒன்றுதான், கொடுத்த விலை ஒன்றில்லை.

சரி, நேசமணிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

முதலில், கட்சிகள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தன. தி.மு.க. 2017இலேயே ஐ.டி. விங் ஆரம்பித்துப் பழனிவேல் தியாகராஜனைப் பொறுப்பாளராகப் போட்டது. மற்றவர்களும் ஆள் சேர்த்தார்கள். அதே வடிவேலு, அதே டெம்ப்ளேட், ஆனால் இப்போது சம்பளத்துக்கு. சம்பள மீமைக் கண்டுபிடிப்பது சுலபம்: அதில் எதிராளி மட்டும்தான் அடி வாங்குவான். சொந்தத் தலைவர் ஒருநாளும் கைப்புள்ள ஆகமாட்டார். ஒருதலைப்பட்சமான வடிவேலு காமெடியை ஒரு வாரம் பார்த்தால் போதும், அலுத்துவிடும்.

அதைவிடப் பெரிய மாற்றம் டெக்னாலஜியில் வந்தது. 2017இல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வீடியோ வைக்கும் வசதி வந்தது, 30 நொடி. டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தார்கள், ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. எழுத்து ஒட்டிய படம் போய், பாட்டு ஓடும் வீடியோ வந்தது. இது வெறும் வடிவ மாற்றம் என்று நானும் நீங்களும் நினைக்கலாம். இல்லை. படத்தில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் எழுதுகிறவனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும். வீடியோவுக்கு அது வேண்டாம், பிஜிஎம் போதும். கைன்மாஸ்டர், வி.என். மாதிரி ஒரு எடிட்டிங் ஆப்பைத் திறந்து, யாராவது நடந்து வருவதை ஸ்லோமோஷன் ஆக்கி, அனிருத் பிஜிஎம்மைச் சேர்த்தால் ‘எடிட்’ ரெடி. கவுன்சிலர் காரிலிருந்து இறங்கினால்கூட ரோமம் சிலிர்க்கும். மீம் யாரைத் தொட்டாலும் கோமாளி ஆக்கியது. எடிட் யாரைத் தொட்டாலும் ராஜா ஆக்குகிறது.

எங்கள் மாமாவின் ஸ்டேட்டஸும் இப்போது அப்படித்தான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தலைவர் மேடையேறுகிறார், பின்னால் இடி, மின்னல். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன்.

“இப்பல்லாம் காமெடியே அனுப்புறதில்லையே மாமா?”

“அனுப்புனா நம்மாளுகளே சண்டைக்கு வர்றாய்ங்க மாப்ள. நீ யாரு பக்கம்னு கேக்குறாய்ங்க.”

செத்துப்போனவர்களும் 2024இல் வந்துவிட்டார்கள். ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில் ஏ.ஐ. கலைஞர் பேசினார். பிப்ரவரி 24, பிறந்தநாளன்று, ஏ.ஐ. குரலில் அம்மா பேசினார். நிஜக் கலைஞராக இருந்திருந்தால் தன்னை இப்படி எழுப்பிக் கொண்டுவந்ததைப் பற்றியே ஒரு சிலேடை அடித்திருப்பார். இந்தக் கலைஞர் மகனைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். இனி வடிவேலுவையும் ஏ.ஐ. புதுக் காட்சியில் நடிக்க வைக்கும், வைக்கிறது. ஆனால் மீமின் ருசியே காட்சி பழசு, செய்தி புதுசு என்பதில்தான் இருந்தது. 2003இல் எடுத்த ஒன்று இன்று காலை நடந்ததற்கு அச்சாகப் பொருந்துகிறதே என்ற அந்த ஆச்சரியம். இன்றைய செய்திக்கென்று இன்றே வடிவேலுவைத் தயாரித்தால் பொருந்தாமல் என்ன செய்யும்?

எடிட் எங்கே கொண்டுவிடும் என்று எனக்குப் புரிந்தது 2023இல், அதுவும் வடிவேலு படத்தாலேயே. ‘மாமன்னன்’. காசிபுரம் தனித் தொகுதி எம்.எல்.ஏ. மாமன்னனாக வடிவேலு. கட்சிக்காரன் ரத்னவேலு முன்னால் உட்கார அனுமதி இல்லாத எம்.எல்.ஏ. மகன் வந்து, உட்காருங்கள் அப்பா என்று வற்புறுத்தும் இடம்தான் படத்தின் உயிர். இருபது வருஷமாக அடி வாங்கிச் சிரிக்க வைத்த உடம்பு அந்த நாற்காலி முன்னால் தயங்கி நிற்கும்போது, நாம் அத்தனை நாளாக எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று ஒரு நிமிடம் தூக்கிவாரிப்போடும். இயக்குநர் மாரி செல்வராஜ் தெரிந்துதான் அவரைப் போட்டிருக்கிறார்.

ஜூன் 29 தியேட்டரில் வந்தது, ஜூலை 27 நெட்ஃபிளிக்ஸில். ஓ.டி.டி.யில் வந்தால் நல்ல பிரின்ட் கைக்கு வந்துவிடும், கத்தரிக்கத் தோதாக. அடுத்த சில நாளில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ரத்னவேலுவாக நடித்த ஃபகத் பாசில் மட்டும்தான். ரத்னவேலு யார்? பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவன். சாதித் திமிர் என்றால் என்ன என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட வில்லன். அவனுக்கு ஸ்லோமோஷன் வைத்து, கீழே தங்கள் தங்கள் சாதிப் பாட்டைப் போட்டார்கள். கொங்குப் பக்கம் ஒரு பாட்டு, தென்மாவட்டத்தில் வேறு பாட்டு, வடக்கே இன்னொன்று. ஒருவருக்கொருவர் ஆகாதவர்களெல்லாம் ஒரே ஆளைத் தங்கள் ஆள் என்றார்கள். படம் வில்லன் என்று சொன்னதை 30 நொடியில் அழித்துவிட்டார்கள். வசனத்தை மாற்றவில்லை, காட்சியை மாற்றவில்லை. முன்னும் பின்னும் வெட்டினார்கள், அவ்வளவுதான்.

என் அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனும் ஒரு ரத்னவேலு எடிட் செய்து போட்டிருந்தான். நல்ல வேலைப்பாடு, பொய் சொல்லக் கூடாது. தாளத்துக்கு ஒவ்வொரு கட்டும் விழுந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“படம் பாத்தியாடா?”

“முழுசா பாக்கல சித்தப்பா. கிளிப்தான் எடுத்தேன்.”

“அதுல வடிவேலு வர்ற சீன் ஒண்ணுகூட எடுக்கலையா?”

கொஞ்சம் யோசித்தான். என்னைக் கிண்டல் செய்யவில்லை, வேலை தெரிந்தவன் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னான்.

“அவர் அழுவாரு சித்தப்பா. அதுக்கு எந்த பிஜிஎம்மும் செட் ஆகாது.”